கோர்வைக் கரையும் கணிப்பொறி நிரலும்

முன்னுரை

காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலையை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். ஆயினும் அச்சேலை பிறக்கும் வகையை அறிந்தார் சிலரே. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், முந்தி வேறொரு நிறம் என விளங்கும் சேலையைக் காண்பவர், ஒரே துணிக்குப் பல சாயம் ஏற்றினர் போலும் என எண்ணுவர். உண்மை அஃதன்று. அம்மூன்றும் தனித்தனியே கருதப்பட்டுத் தனித்தனி இழைகளால் ஆக்கப்பட்டுத் தறியின்மீதே ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இத்தகையதொரு வினாவை நாடோறும் எதிர்ப்படுகின்றனர். ஒரு பொருளுக்கு வேண்டிய ஆற்றல்களை முன்னோரிடமிருந்து அது வழிவழியாகப் பெறுமாறு அமைப்பதா, அன்றி வேண்டும் ஆற்றல்களை மட்டும் தேர்ந்தெடுத்து அதனோடு சேர்ப்பதா என்பதே அவ்வினா. முன்னதை மரபுரிமை என்றும், பின்னதைச் சேர்க்கை என்றும் ஈண்டுக் குறிப்போம். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியைத் துணையாகக் கொண்டு இவ்விரண்டன் இயல்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நிரலெழுதிப் பழகாத நண்பரும் விளங்கிக்கொள்ளுமாறு, யான் பட்ட இடர் ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன்.

தறியிற் கண்டது

என் ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம். பள்ளி விடுமுறை நாட்களில் காஞ்சியிலுள்ள பெரியப்பா இல்லத்திற்குச் செல்வது வழக்கம். அவர் தறிக்குழியில் அமர்ந்து நெய்ய, யான் மறுபுறத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ளியதுண்டு. கோர்வைச் சேலைக்கு நாடா மூன்று வேண்டும்: உடலுக்கு ஒன்று, இருபுறத்துக் கரைகளுக்கும் ஒவ்வொன்று. உடலின் ஊடையிழை கரையின் எல்லைவரை சென்று, கரையின் ஊடையிழையோடு பின்னிக்கொண்டு திரும்பும். நெய்பவர் ஒருவரே மூன்று நாடாவையும் செலுத்துவது அரிதாதலின் துணையாள் ஒருவர் வேண்டும், நேரமும் மிகுதியாகும். முந்தி வேறு நிறமாக வேண்டுமாயின், உடலின் பாவிழைகளோடு முந்திக்குரிய புதிய பாவிழைகளை இணைத்து நெய்வர். இதனைப் பிட்னி என்பர். பூவேலைக்குச் சாக்கார்டுப் பெட்டியும் துளையிட்ட அட்டைகளும் உள.

இவற்றுள் எதுவும் மற்றொன்றைப் பிரியாது தொடர்வதன்று. கோர்வை உண்டு, பிட்னி இல்லை என்னும் சேலை உண்டு. பிட்னி உண்டு, கோர்வை இல்லை என்பதும் உண்டு. ஒருபுறம் மட்டும் கோர்வைக் கரை உடைய சேலையும், கோர்வையோடு கூடிய பருத்திச் சேலையும் உள. நெசவாளர் பெறும் கூலி, இவ்வேலைகளுள் எவை எவை அச்சேலையில் உள்ளன என்பதைப் பொறுத்தது. இதனை வாசகர் நினைவிற் கொள்க.

மரபுரிமை முறை

பிரெஞ்சு நாட்டினராகிய ஜோசப் மரீ ஜக்கார்டு என்பார் 1804ஆம் ஆண்டில் அமைத்த தறியின் துளையட்டைகள், பின்னர்க் கணக்கிடும் யந்திரங்களுக்கும் வழிகாட்டின. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்கு துளையட்டைகளைக் கொண்டே தொகுக்கப்பட்டது. ஆகவே நிரலெழுதுவோர் தறியினிடம் பாடம் கேட்பது புதிதன்று.

நார்வே நாட்டு அறிஞராகிய ஓலே-யோகான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் இருவரும் 1967ஆம் ஆண்டில் சிமுலா 67 என்னும் மொழியை வெளியிட்டனர். ஒத்த பொருள்களை ஒரு வகுப்பாக வகுத்து, அவ்வகுப்பினின்று கிளைவகுப்புக்களைப் பிறப்பிக்கும் முறை அதிற் தோன்றியது. தாய்வகுப்பு அறிந்தவற்றையெல்லாம் கிளைவகுப்பும் அறியும். தனக்கே உரிய சிலவற்றை மேலும் கொள்ளும். விலங்கினின்று பசுவும், பசுவினின்று காராம்பசுவும் வருதல்போல என்று ஆசிரியர்கள் இதனைக் கற்பிப்பதுண்டு. கேட்பதற்கு இனியதும் கற்பதற்கு எளியதுமாகிய முறை இது.

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றிற்குக் கூலிக் கணக்கு நிரல் எழுதும் பணியை மேற்கொண்டேன். உண்மைத் தொகைகளை விடுத்து, எளிதில் விளங்குமாறு அடிக்கூலி 100 பங்கு, கோர்வைக்கு 40 பங்கு, பிட்னிக்கு 20 பங்கு எனக் கொள்வோம். அப்பொழுது என் முன் வைக்கப்பட்ட பதிவுகளில் பிட்னிச் சேலைகளெல்லாம் கோர்வையும் உடையனவாகவே இருந்தன. ஆதலின் பட்டுச்சேலை என்னும் தாய்வகுப்பும், அதனினின்று கோர்வைச்சேலையும், அதனினின்று பிட்னிச்சேலையுமாக மூன்று தலைமுறை அமைத்தேன். கூலி முறையே 100, 140, 160 என வந்தது. கணக்குச் சரியாயிற்று, யானும் மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நிற்கவில்லை. ஒருநாள் முதிய நெசவாளர் ஒருவர் கூலிச் சீட்டோடு வந்தார். “தம்பி, இந்தச் சேலையில் கோர்வையே கிடையாதே; கோர்வைக் கூலி எப்படி வந்தது? அடுத்த மாதம் பிடித்துக்கொண்டால் நான் எங்கே போவேன்?” என்றார். அவர் நெய்தது கோர்வையில்லாப் பிட்னிச் சேலை. 120 பங்கு வரவேண்டிய இடத்தில் 160 வந்திருந்தது. பிட்னிச்சேலை என்னும் வகுப்பு கோர்வைக்குப் பிறந்த பிள்ளையாதலின், வேண்டாவிடினும் கோர்வைக் கூலியையும் உடன்கொண்டே வந்தது.

யான் செய்த பரிகாரம் அதனினும் தீயதாயிற்று. ‘கோர்வையில்லாப் பிட்னிச்சேலை’ என நான்காவது தலைமுறை ஒன்றைப் படைத்து, வந்த கூலியில் 40 கழிக்குமாறு எழுதினேன். சின்னாளில் கோர்வைக் கூலி 50ஆக உயர்ந்தது. யான் மேலே ஓரிடத்தில் எண்ணை மாற்ற, கீழே கழிக்கும் எண் 40ஆகவே நின்றது. 120க்கு மாறாக 130 வந்தது. மேலோரிடத்துச் செய்த சிறுமாற்றம் வழித்தோன்றல்களை அறியாமற் கெடுக்கும் இக்குறை, மரபுரிமை முறையின் தலையாய குறை எனலாம்.

பருத்திச் சேலைக்கும் இவ்வாறே. தாய்வகுப்பு பட்டு நூலின் எடையைக் கேட்பதாக எழுதப்பட்டிருந்தமையின், பட்டே இல்லாத சேலைக்கும் பட்டெடை கேட்டு நிரல் நின்றது. எனினும் என் நெஞ்சை மிக வருத்தியது வேறொன்று. ஒருபக்கக் கோர்வைக்கு என் வகுப்புக்களில் இடமேயில்லை. அவற்றைப் பதிந்தவர் வேறு வழியின்றிச் சாதாரணப் பட்டுச்சேலை எனப் பதிந்தார். நெய்தவர்க்கு 100 பங்கே சென்றது. அவர் வந்து கேட்கவில்லை. யந்திரம் போட்ட கணக்குச் சரியாகத்தான் இருக்கும் என எண்ணினாராம். மிகுதியாகப் பெற்றவர் வந்து கேட்டார். குறைவாகப் பெற்றவர் வாளா இருந்தார். பிழை யந்திரத்தினதன்று, சங்கத்தினதன்று, வகுப்பமைத்த என்னுடையதே.

எண்ணிப் பார்ப்பின் இம்முறையாற் கணக்கு முடிவதற்கு வழியில்லை. கோர்வை, பிட்னி, பூவேலை, ஜரிகை என்பன உண்டு, இல்லை என இவ்விரண்டாகவும், நூல் பட்டு, பருத்தி என இரண்டாகவும் கொண்டால், ஐந்து பண்புகளால் 32 வகைச் சேலை ஆகும். ஆறாவது பண்பு ஒன்று வந்தால் 64 ஆகும். வகுப்புக்களை இரட்டித்துக்கொண்டே செல்வது யாரால் இயலும்?

ஜாவாஸ்கிரிப்டின் இயல்பு

இவ்விடரை நீக்க, அம்மொழியின் இயல்பையே முதற்கண் அறிதல் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவரால் பத்து நாட்களில் முதலுருப் பெற்றது. அவர் மாதிரியாகக் கொண்டவற்றுள் ஒன்று, 1980களின் பிற்பகுதியில் டேவிட் உங்கர், ராண்டல் ஸ்மித் என்னும் இருவர் அமைத்த செல்ஃப் என்னும் மொழி. அதில் வகுப்பு என்பதே இல்லை. பொருளுக்குப் பொருளே முன்மாதிரி.

ஜாவாஸ்கிரிப்டிலும் அவ்வாறே. ஒரு பொருளிடம் ஒரு பண்பைக் கேட்டால், அது தன்னிடத்து உள்ளதா என முதலில் நோக்கும். இல்லையேல் தன் முன்மாதிரிப் பொருளைக் கேட்கும். அது தன் முன்மாதிரியைக் கேட்கும். இங்ஙனம் சங்கிலியாகச் சென்று, எங்கும் கிடையாவிடின் ‘வரையறுக்கப்படவில்லை’ என்னும் விடை வரும். ஒரு பொருளுக்கு ஒரு காலத்து ஒரு முன்மாதிரியே இருத்தல் கூடும். 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் வகுப்பு என்னும் சொல் இம்மொழியிலும் புகுந்தது. ஆயினும் அச்சொல்லின் அடியில் நிகழ்வது பெரும்பாலும் இம்முன்மாதிரிச் சங்கிலியே. ஆதலின் வகுப்பென்று எழுதினும், ஒரு கோட்டின் வழியாக மட்டுமே மரபுரிமை வரும். கோர்வைக்கும் பிட்னிக்கும் ஒருசேரப் பிள்ளையாதல் இயலாது.

ஆனால் இம்மொழிக்கு வேறொரு தன்மை உண்டு. பொருள் ஒன்று பிறந்த பின்னரும் அதற்குப் புதிய பண்புகளையும் செயல்களையும் சேர்க்கலாம். செயற்கூறுகளையும் எண்களைப்போலவே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துக் கொடுக்கலாம். சேர்க்கை முறைக்கு இவ்விரண்டே போதும்.

சேர்க்கை முறை

இம்முறையும் ஜாவாஸ்கிரிப்டுக்கு முற்பட்டதே. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், லிஸ்ப் யந்திரங்களுக்கென அமைந்த ஃபிளேவர்ஸ் என்னும் ஏற்பாட்டில் இது தோன்றியது. சோமர்வில் என்னும் ஊரிலிருந்த ஐஸ்கிரீம் கடையொன்றில், அடிச்சுவை ஒன்றை வாங்குவோர் தாம் விரும்பிய பருப்பு, மிட்டாய் முதலியவற்றை அதனுடன் கலந்து கொள்வர். அக்கலப்புப் பண்டத்தின் பெயராலேயே, தனித்து நில்லாது பிறவற்றோடு சேர்ந்து பயன்படும் ஆற்றற்கூறும் மிக்சின் எனப்பட்டது. 1994ஆம் ஆண்டில் எரிக் காமா, ரிச்சர்டு ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் என்னும் நால்வர் நிரலமைப்பு மாதிரிகளைப் பற்றி எழுதிய நூலும், மரபுரிமையினும் சேர்க்கையையே விரும்புக என அறிவுறுத்தியது.

என் கூலிக் கணக்கை இம்முறையால் மீண்டும் எழுதினேன். சேலை என்பது இப்பொழுது வெறும் பதிவு: எண், நெய்தவர், கூலிப் பட்டியல் என்னும் மூன்றே அதில் உள. கோர்வை சேர்த்தல், பிட்னி சேர்த்தல், பூவேலை சேர்த்தல் என ஒவ்வோர் ஆற்றலுக்கும் ஒரு செயற்கூறு. ஒவ்வொன்றும் சேலை ஒன்றைப் பெற்று, தனக்குரியதைச் சேர்த்து, அச்சேலையைத் திருப்பித் தரும். கோர்வைச் செயற்கூறு எத்தனைக் கரை என்பதையும் கேட்கும். கரை ஒன்றுக்கு 20 பங்கு எனச் சேர்க்கும். ஆகவே ஒருபக்கக் கோர்வைக்குப் புதிய வகுப்பு வேண்டா. இரண்டு என்னுமிடத்து ஒன்று எனக் கூறுதலே அமையும். கூலி உயருமாயின் மாற்றவேண்டிய இடம் ஒன்றே. கழித்தல் என்பது எங்கும் இல்லை; இல்லாத வேலையை யாரும் சேர்ப்பதில்லையாதலின்.

முன்பு 32 வகுப்பு வேண்டிய இடத்தில் இப்பொழுது ஐந்து செயற்கூறு போதும். ஆறாவது பண்பு வரின் ஆறாகும், 64 ஆகாது. அன்றியும் இம்மொழியில் பெயர்களைத் தமிழெழுத்தாலேயே இடலாமாதலின், செயற்கூறுகளுக்குக் கோர்வை, பிட்னி என்றே பெயரிட்டேன். சங்கத்துக் கணக்கர் நிரலறியாதவராயினும் அப்பெயர்களைப் படித்து, “ஊடைக்கூலி எங்கே?” என விடுபட்டதொன்றை எடுத்துக்காட்டினார். தொழிலின் சொல்லே நிரலின் சொல்லாதலால் விளைந்த நன்மை இது.

பிணைப்பில் வரும் பிழைகள்

சேர்க்கை என்ற அளவில் இடர் நீங்கியது என எண்ணற்க. கோர்வைச் சேலையில் வலிமையும் அழகும் உடலும் கரையும் கூடும் இடத்திலே உள்ளன. குற்றம் வருவதும் அவ்விடத்தே. சேர்க்கை முறையிலும் அவ்வாறே நான்கு பிழைகள் உள.

முதலாவது, பெயர் மோதல். ஒரு பொருளின் பண்புகளை மற்றொன்றின்மேற் படியெடுக்க, ஆப்ஜெக்ட் அசைன் என்னும் செயற்கூறு 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. கோர்வைக் கூறும் பிட்னிக் கூறும் ‘கூலி’ என்னும் ஒரே பெயருடைய பண்பைக் கொண்டிருப்பின், பின்வந்தது முன்வந்ததை அழித்துவிடும். எச்சரிக்கை ஒன்றும் தோன்றாது. கோர்வையின் 40 மறைந்து பிட்னியின் 20 மட்டும் எஞ்சும். இதற்குப் பரிகாரம், ஒவ்வொரு கூறும் கூலி என்னும் பண்பை மாற்றாது, கூலிப் பட்டியலில் தன் வரியை எழுதுதல். கூட்டுத்தொகை காண்பது வேறொரு செயற்கூற்றின் தொழில்.

இரண்டாவது, பொதுவாகிவிடும் பட்டியல். மேற்கூறிய படியெடுப்பு மேலோட்டமானது. முன்மாதிரியில் ஒரு பட்டியல் இருப்பின், பட்டியலைப் புதிதாக ஆக்காது, அது இருக்குமிடத்தை மட்டும் படியெடுக்கும். விளைவு, எல்லாச் சேலைகளும் ஒரே பட்டியலில் எழுதும். ஒருவர் கூலி மற்றவர் சீட்டில் ஏறும். ஒவ்வொரு சேலையும் பிறக்கும்பொழுதே புதிய பட்டியலை ஆக்கித் தரும் செயற்கூறு ஒன்றை எழுதுதலே இதற்கு மருந்து.

மூன்றாவது, மறைந்து நிற்கும் சார்பு. கூலிப் பட்டியல் முன்னமே உள்ளது என நம்பி எழுதப்பட்ட கூறு, அது இல்லாத பொருளோடு சேரின் கெடும். தனக்கு வேண்டியது யாதென ஒவ்வொரு கூறும் தொடக்கத்திலேயே கேட்டு, இல்லையேல் உரத்துச் சொல்லி நின்றுவிட வேண்டும். பிழையோடு நடப்பதினும் பிழைகூறி நிற்பது மேலன்றோ?

நான்காவது, கூறுகளின் பெருக்கம். ஒன்றையொன்று அறியாத கூறுகள் பல ஒரு பொருளில் குவியின், எச்செயல் எக்கூற்றினின்று வந்தது எனக் காண்டல் அரிதாகும். ரியாக்ட் என்னும் பெயர்பெற்ற நூலகத்தில் இதுவே நிகழ்ந்தது. அதனை ஆக்கியோரே 2016ஆம் ஆண்டில் மிக்சின் முறையின் தீங்குகளை விரித்தெழுதினர். 2019ஆம் ஆண்டில் ஹூக் எனப்படும் செயற்கூறுகளை அந்நூலகத்தில் வெளியிட்டனர். அவர் சேர்க்கையைக் கைவிடவில்லை. மறைவாய் நடந்த சேர்க்கையை வெளிப்படையாக்கினர். கொடுப்பதும் பெறுவதும் கண்ணுக்குத் தெரியுமாறும், பெற்றதற்குப் பெறுபவரே பெயரிடுமாறும் அமைத்தனர்.

மரபுரிமைக்கு உரிய இடம்

இவ்வளவும் கூறியதால் மரபுரிமை பயனற்றது எனக் கொள்ளற்க. ஒன்று மற்றொன்றின் வகையே என்பது என்றும் மாறாதாயின், அங்கு மரபுரிமையே பொருந்தும். ஜாவாஸ்கிரிப்டிலேயே, தவறான வகைப்பொருளைப் பயன்படுத்தியதால் வரும் பிழை முதலியன பிழை என்னும் பொதுவினின்று கிளைத்தவை. அவை பிழையல்லாது வேறாதல் ஒருகாலும் இல்லை. மேலும், பல்லாயிரம் பொருள்கள் ஒரே செயலை உடையனவாயின், அச்செயலை முன்மாதிரியில் ஒருமுறை வைத்தல் நினைவகத்தைச் சேமிக்கும். சேர்க்கை முறையில், ஒவ்வொரு பொருளுக்கும் செயற்கூற்றைப் புதிதாக ஆக்கின் அச்சேமிப்பு இல்லை. ஆகவே மாறாத இயல்புக்கு மரபுரிமை, மாறிமாறிக் கூடும் ஆற்றல்களுக்குச் சேர்க்கை என்பதே நெறி. ‘இஃது யாது?’ என்னும் வினாவுக்கு விடை ஒன்றேயாயின் முன்னது தகும்; ‘இஃது எவற்றை உடையது?’ என்பது வினாவாயின் பின்னதே தகும். கூலிக் கணக்கு கேட்பது இரண்டாவது வினாவை. யான் முதல் வினாவுக்கு விடையெழுதியதே என் பிழை.

முடிவுரை

புதிய நிரல் நடைமுறைக்கு வந்தபின், பழைய பதிவுகள் அனைத்தையும் அதன்வழிச் செலுத்தினோம். ஒருபக்கக் கோர்வை நெய்து குறைவாகப் பெற்றோர் யாவர் என்பது பெயர்பெயராக வெளிப்பட்டது. அவர்க்கு விடுபட்ட தொகை அடுத்த சீட்டில் சேர்க்கப்பட்டது. அதனைப் பெற்றவருள் ஒருவர், “கேட்காமலே வந்திருக்கிறதே!” என வியந்தாராம். கேட்கவேண்டிய நிலையில் அவரை வைத்தவன் யானே என்பதை அவர் அறியார்.

பெரியப்பா ஒரு சேலையைக் கையிலெடுத்தால் முதலில் அதன் முகப்பை நோக்கார்; புரட்டி, கரையும் உடலும் கூடும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். நிரல் கற்கும் மாணவ நண்பர்களும் அவ்வழக்கத்தை மேற்கொள்வார்களாக. கூறுகளைத் தனித்தனியே செவ்வனே செய்தல் ஒருபாதி. அவை கூடும் இடத்தைப் புரட்டிப் பார்த்தல் மறுபாதி. நாம் எழுதும் வரிகளின் மறுமுனையில், கூலிச் சீட்டை நம்பிக் கையில் வாங்கும் ஒருவர் இருக்கிறார் என்பதை மறவாதிருப்போமாக.